முந்தி வந்தவர்க்கு மட்டுமா?

திருவையாற்றுப் படித்துறையிலோ பாபநாசம் பேருந்து நிறுத்தத்திலோ நாலைந்து இளைஞர்கள் வட்டமாக அமர்ந்து தலைகுனிந்திருந்தால், அவர்கள் செபமாலை சொல்கிறார்கள் என்று இன்று எவரும் எண்ணமாட்டார். கைப்பேசியில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் நம் பிள்ளைகளின் மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டுவிட்டன. நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது, படிப்புப் போகிறது என்று நாமும் மேடைதோறும் சொல்லிவருகிறோம். அவை உண்மையே, பலரும் சொல்லிவிட்டவையும்கூட. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவற்றைப் பற்றியும் நான் இங்கு எழுதவில்லை. அவற்றைத் தடுக்க நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது, ஆடுவோர் தமக்குள்ளேயே நடத்திவரும் ஓர் அறவழக்கு. பார்வைக்கு அது பிள்ளைகளின் சண்டை. ஆனால் நீதியைப் பற்றிக் குருமடத்தில் நாங்கள் ஆண்டுக்கணக்கில் படித்த பாடத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வழக்கு இதுதான். ஃப்ரீ ஃபயர், பி.ஜி.எம்.ஐ., ஃபோர்ட்நைட் முதலிய விளையாட்டுகளில் ஆடுபவர் தம் உருவத்திற்கு விதவிதமான உடையும் அணியும் பெறலாம். பிள்ளைகள் 'ஸ்கின்' என்பது இதைத்தான். உடை மாறுவதால் ஆட்டத்தில் வலிமை பெரும்பாலும் கூடுவதில்லை. தோற்றம் ஒன்றே மாறும். இவற்றுள் சில கடையில் எப்போதும் கிடைக்கும். சில, குறிப்பிட்ட ஒரு பருவத்தில் 'பாஸ்' என்னும் பருவச்சீட்டு வாங்கி, அந்தப் பருவம் முடிவதற்குள் பல படிகள் ஆடி முடித்தவருக்கு மட்டுமே உரியவை. பருவம் முடிந்ததும் கதவு சாத்தப்படும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும், எவ்வளவு திறமையாக ஆடினாலும் அந்த உடை கிடைக்காது. பின்னால் வந்தவர்கள் கேட்கிறார்கள்: அந்தக் கதவை ஏன் மீண்டும் திறக்கக்கூடாது? முன்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள்: திறந்தால் நாங்கள் பட்ட பாட்டுக்கு என்ன பொருள்?

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த வழக்கு உலகறிய நடந்தது. ஃபோர்ட்நைட்டை நடத்தும் அமெரிக்க நிறுவனமான எபிக் கேம்ஸ், 2022-ஆம் ஆண்டின் பருவச்சீட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த 'பாரடைம்' என்னும் உடையைத் தவறுதலாகக் கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டது. பலர் வாங்கிவிட்டனர். பழையவர்கள் கொதித்தெழுந்தனர். விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவோம் என்று நிறுவனம் முதலில் அறிவித்தது. உடனே வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். முடிவில், வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம், பழையவருக்கு வேறொரு தனி வடிவம் தரப்படும் என்று சமாதானம் செய்துகொண்டது. அதே மாதத்தில் தொடங்கிய புதிய பருவம் முதல், பருவச்சீட்டுப் பொருள்கள் பதினெட்டு மாதங்களுக்குப் பின் மறுபடி விற்பனைக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. முந்தைய பருவங்களில் வாக்களித்தவற்றைத் தொடவில்லை.

இந்தச் செய்தி எங்கள் பங்கின் இளையோர் கூட்டத்தில் ஒருநாள் பேச்சுக்கு வந்தது. பழைய உடை ஒன்றைத் தன் ஃப்ரீ ஃபயர் கணக்கில் வைத்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "ராத்திரி முழுக்க முழிச்சு வாங்கினதை இன்னிக்கு வந்தவனுக்கும் குடுத்தா எப்படி?" என்றார். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "அண்ணே, அப்ப எங்க வீட்ல போனே கெடையாது. ஸ்கூல மூடி ஆன்லைன் கிளாஸ்னு சொன்னப்பதான் அப்பா தவணையில வாங்குனாரு. நான் எப்படிண்ணே ஆடியிருப்பேன்?" என்றான். கூட்டம் சற்று நேரம் அமைதியாயிருந்தது. அவன் தந்தை டிராக்டர் ஓட்டுபவர். தாய் நடவுக்குப் போகிறவர்.

முந்தியவரின் உரிமையை நியாயமாக எடைபோட வேண்டுமாயின், அவர் பெற்ற பொருளுக்குள் எவை கலந்திருக்கின்றன என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கொடுத்த பணம் ஒன்று. செலவிட்ட உழைப்பும் திறமையும் மற்றொன்று. மூன்றாவதாக, அந்தக் குறிப்பிட்ட வாரங்களில் அங்கே இருக்க வாய்த்தது. முதல் இரண்டையும் பின்னால் வருபவரும் தர முடியும். அதே பணத்தைத் தந்து, அதே படிகளை ஆடி முடிக்க அவர் ஆயத்தமாயிருக்கிறார். அவரால் தர இயலாதது மூன்றாவது ஒன்றே. பத்து வயதில் கையில் கைப்பேசி இருந்ததும் இல்லாததும் எவருடைய புண்ணியமும் பாவமும் அல்ல. ஆக, 'நான் உழைத்தேன்' என்ற பேச்சின் அடியில், 'நான் முந்திப் பிறந்தேன், எனக்கு வசதி வாய்த்தது' என்ற இன்னொரு பேச்சு ஒளிந்திருக்கிறது. நம் வயல்நாட்டில் இந்த இரண்டாம் பேச்சு புதிதன்று. மிராசு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் இருந்த ஆசிரியர் ஒருவர் மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினார். திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை நாமெல்லாரும் அறிந்ததே. அதைச் சற்று நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். சம்பா நடவு நெருக்கடியில் ஆள் தேடிப் போகும் விவசாயி ஒருவர், விடிகாலையில் சிலரைக் கூலி பேசி அழைத்து வருகிறார். ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இன்னும் சிலர். ஐந்து மணிக்குப் போனால், எவரும் கூப்பிடாததால் கடைத்தெருவில் நின்றுகொண்டே இருப்பவர்கள் தென்படுகிறார்கள், அவர்களையும் அனுப்புகிறார். வெளிச்சம் மங்கும் வேளையில் எல்லாருக்கும் ஒரே முழுநாள் கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இவ்வுவமையில் ஒரு சிறு விவரம் பலமுறை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கிக் கூலி கொடுக்கும்படி உரிமையாளர் கணக்கரிடம் சொல்கிறார். முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்திருந்தால், அவர்கள் ஒரு தெனாரியத்தை வாங்கிக்கொண்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தக் காசின் மதிப்பு கடைசியில் வந்தவன் கையைப் பார்த்தபின் குறையவில்லை. அதே அரிசியை, அதே எண்ணெயை அது வாங்கும். குறைந்தது, பார்த்தவர் உள்ளத்தில் இருந்த ஏதோ ஒன்று. அது என்ன? பொறாமையைப் பற்றி எழுதும் புனித அக்குவினாஸ் தோமா, பிறருடைய நன்மையைக் கண்டு வரும் துயரமே அது என்று தமஸ்கு அருளப்பரைப் பின்பற்றி வரையறுக்கிறார். அந்த நன்மை நம் சிறப்பைக் குறைப்பதாக நாம் எண்ணுவதால் அத்துயர் பிறக்கிறது என்றும் காரணம் காட்டுகிறார். பழைய உடையை வைத்திருப்பவரின் துயரத்தை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அவர் உடையில் ஒரு நூலும் அறுந்துபோகவில்லை.

ஆயினும் அந்த ஆசிரியரோடு முழுமையாக உடன்பட எனக்கு இயலவில்லை. உவமையை வழக்கின்மேல் அப்படியே போர்த்தினால் ஓரிடத்தில் இடிக்கிறது. தோட்டக்காரர் காலை வேலையாள்களுக்கு வாக்களித்தது ஒரு தெனாரியம், அதைக் கொடுத்துவிட்டார். 'பிறருக்கு இதைவிடக் குறைவாகவே கொடுப்பேன்' என்று அவர் எவருக்கும் வாக்களிக்கவில்லை. அதனால்தான் 'உனக்கு நான் அநியாயம் செய்யவில்லையே' என்ற பொருளில் அவரால் தலைநிமிர்ந்து பேச முடிந்தது. விளையாட்டு நிறுவனமோ, 'இது இனி எவருக்கும் கிடைக்காது' என்று சொல்லியே சீட்டை விற்றது. அந்தச் சொல்லும் விற்ற பொருளின் ஒரு பகுதி. அதை நம்பிப் பணம் தந்தவரிடம், 'பெருந்தன்மையாயிரு தம்பி' என்று விற்றவனே உபதேசிப்பது நியாயமாகாது. மேலும், தோட்டக்காரரின் தாராளம் அவர் பையிலிருந்து போனது. நிறுவனம் கதவைத் திறந்தால் அதன் பைக்கு வருகிறது. ஒரே பொருளை 'மற்றவருக்கு இல்லை' என்று சொல்லி ஒருமுறையும், 'உங்களுக்கும் உண்டு' என்று சொல்லி மறுமுறையும் விற்பவரைத் திராட்சைத் தோட்டத்து உரிமையாளரோடு ஒப்பிடுவது நற்செய்திக்குச் செய்யும் மரியாதையன்று.

அப்படியானால் வாக்கு என்றென்றும் கட்டுப்படுத்துமா? மனிதருக்கு மனிதர் கொடுத்த வாக்கைக் காப்பது நேர்மையின் கடமை என்பதே தோமாவின் போதனை. வாக்குப் பிறழ்ந்தவர் குற்றமற்றவராகும் இரண்டு நிலைகளையும் அவர் குறிப்பிடுகிறார்: வாக்களித்த செயல் தகாத செயலாயிருந்தால் ஒன்று, ஆள்களின் நிலையும் காரியங்களின் நிலையும் மாறிப்போனால் மற்றொன்று. ஓர் உடையைப் பூட்டிவைப்பது பெரிய தீமை என்று சொல்லமுடியாது. நிலைமை மாறிவிட்டது என்பதும் வலுவான வாதமன்று. புதியவர்கள் வருவார்கள் என்பது விற்கும்போதே நிறுவனத்துக்குத் தெரியும். எனவே கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான். பழைய பருவங்களைத் தொடாமல், புதிய பருவத்திலிருந்து மட்டும் விதியை மாற்றி, அதையும் விற்பனைக்கு முன்பே அறிவித்தது சரியான வழி என்று நான் கருதுகிறேன். நிறுவனங்களைப் பாராட்டும் வழக்கம் எனக்கு இல்லை. இதில் மட்டும் ஒரு விலக்கு.

வாக்கு கொடுத்தவரை விடுவிக்கும் அதிகாரம் வாக்குப் பெற்றவரிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சலுகைகளைப் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு; குருமடத்தில் அதை நாங்கள் தூக்கக் கலக்கத்தோடுதான் படித்தோம். தனக்காக மட்டுமே அளிக்கப்பட்ட சலுகையை ஒருவர் தாமே துறக்கலாம் என்கிறது 80-ஆம் சட்டம். காலப்போக்கில் சூழல் மாறி, ஒரு சலுகை தீங்கு பயப்பதாகிவிட்டது என்று உரிய அதிகாரி கண்டால் அது அற்றுப்போகும் என்கிறது 83-ஆம் சட்டம். நீதி, கொடுத்தவரைக் கட்டுகிறது. பெற்றவரை அவிழ்த்துவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த நீதியால் முடியாது. ஆனால் பெற்றவரிடம் அன்பு வேறொரு கேள்வியைக் கேட்கலாம்: உன்னிடம் இருப்பது அந்த உடையா, அல்லது அந்தப் பத்தாம் வகுப்புப் பையனிடம் அது இல்லாத நிலையா?

இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. முந்தியவர் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது. பரிசு என்பது பல வேளைகளில் ஒரு சாட்சியம். 'இவர் இதைச் செய்தார்' என்று அது சொல்கிறது. செய்யாதவர் மார்பிலும் அதைக் குத்திவிட்டால் சாட்சியம் பொய்யாகிவிடும். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமாகிய பரம் வீர் சக்கரத்தைக் கடையில் விற்கலாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அப்பதக்கத்தின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று அது நிறுவப்பட்டது; 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதலான வீரச்செயல்களுக்கும் செல்லும் என்று வைக்கப்பட்டது. 2025 வரை அதைப் பெற்றவர் 21 பேர்தாம். அத்தனை அரிய பதக்கம். எனினும் அதன் கதவு ஒருநாளும் சாத்தப்பட்டதில்லை. நாளை ஒரு படைவீரர் அத்தகைய செயலைச் செய்வாராயின் அவருக்கும் அதே பதக்கம், அதே பெயர், அதே ஊதாநிற நாடா. 1947-இல் களத்தில் இல்லை என்று எவரும் அவரைத் தள்ளிவைப்பதில்லை. அதன் அருமை செயலின் கடினத்திலிருந்து வருவது. பருவச்சீட்டு உடையின் அருமையோ, கதவடைப்பிலிருந்து வருவது. இரண்டும் வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும். முன்னதைக் காக்க வேண்டும். பின்னதைக் காக்கச் சொல்லும் அறக்காரணம் எனக்குப் புலப்படவில்லை, கொடுத்த வாக்கு ஒன்றைத் தவிர.

கதவு என்றதும் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒன்று நினைவுக்கு வருகிறது. திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1300-ஆம் ஆண்டில் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபோது, உரோமைக்குத் திருப்பயணம் வருவோர்க்குப் பரிபூரண பலன் உண்டு என்றும், இது நூறாண்டுக்கு ஒருமுறை என்றும் வகுத்தார். நூறாண்டு என்றால் மனிதருள் பலர் ஒருமுறைகூடக் காணாமலே மாண்டுபோவர். ஆறாம் கிளமெந்து 1343-இல் அதை ஐம்பதாண்டாக்கினார். அதன்படி 1350-இல் இரண்டாம் யூபிலி வந்தது. ஆறாம் உர்பான் 1389-இல் நம் ஆண்டவர் மண்ணில் வாழ்ந்த காலத்தை நினைத்து முப்பத்து மூன்றாண்டு என்றார். இரண்டாம் பவுல் 1470-இல் இருபத்தைந்தாண்டு என்று குறைத்தார். அன்று முதல் தலைமுறைக்கு ஒருமுறையேனும் அது வருகிறது. 2025-ஆம் ஆண்டு யூபிலியில் நம் மறைமாவட்டத்தாரும் பங்குபெற்றோம். புனிதக் கதவு செங்கல் வைத்து அடைக்கப்படுவதும், காலம் வந்ததும் திறக்கப்படுவதும் உரோமை வழக்கம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முந்திப் போனவர் பெற்ற அருளில் ஒரு துளியும் குறையவில்லை. திருத்தந்தையர் செலவையும் நடையையும் தள்ளுபடி செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பயணம் செய்ய வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், நற்கருணை வாங்க வேண்டும். திறந்தது கதவை மட்டுமே.

நம் தஞ்சையிலும் இதற்கு ஒப்பான ஒன்று இருக்கிறது. சரசுவதி மகால் நூலகம் நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி மராட்டிய மன்னர் காலத்தில் வளர்ந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி அதன் பெருமைக்குக் காரணமானவர். பனையோலைச் சுவடியும் அயல்நாட்டு அச்சுநூலும் அவர் தேடித்தேடிச் சேர்த்தவை, அரண்மனையின் தனிச்சொத்து. 1918-ஆம் ஆண்டு அது பொதுநூலகமாயிற்று. இன்று கும்பகோணத்திலிருந்து பேருந்தில் வரும் ஆராய்ச்சி மாணவியும் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். நூலகத்தின் பெயரிலோ சரபோசி மன்னரின் பெயர் அப்படியே இருக்கிறது. சேர்த்தவருக்குப் பெயர், சேர்த்த பொருள் எல்லாருக்கும். இதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு அதே ஊரில் பெரிய கோவிலை எழுப்பிய இராசராசன், தான் கொடுத்தவற்றோடு தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் அந்த விமானக் கல்லிலேயே வெட்டச் சொன்னான். அதிகாரிகளும் படைப்பிரிவினரும் தந்த கொடைகளும் அதே கற்களில் நிற்கின்றன. தன் பெயர் மட்டும் தனித்து நிற்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால் அது அவன் கைக்கு எட்டாத காரியமன்று.

பகிர்ந்தால் எதுவும் குறையாது என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காவிரிக் கரையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நடுவர் மன்றம் நமக்கு வகுத்த 192 டி.எம்.சி. நீரை 177.25 ஆகக் குறைத்தது. கருநாடகத்துக்குக் கூடிய 14.75 டி.எம்.சி.யும் நமக்குக் குறைந்த 14.75 டி.எம்.சி.யும் ஒரே தண்ணீர். கடைமடையில் அதன் பொருளைக் கருகும் பயிரே சொல்லும். நீண்டகாலமாக ஆண்டுவந்த முன்னுரிமையை நாம் அங்கே வற்புறுத்துவது பெருமைக்காக அன்று, உணவுக்காக. விளையாட்டு உடை அப்படிப்பட்ட பொருளன்று. ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் முதலாமவரிடம் அது முழுமையாகவே இருக்கும். குறையும் பொருளில் முன்னுரிமை கேட்பதற்கும், குறையாத பொருளில் தனியுரிமை கேட்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

தேர்வடத்தை முதலில் தொடுவது யார், கொடியைச் சுமப்பது எந்தத் தெரு, பரிவட்டம் யார் தலைக்கு என்று நம் ஊர்களில் நடக்கும் சண்டைகளும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நீதிமன்றப் படியேறியவையும் அவற்றுள் உண்டு. நம் கோவில்கள் அதற்கு விலக்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை. பெரியவர்களாகிய நாம் இதில் இப்படி இருந்துகொண்டு, ஒரு பையன் தன் வண்ண உடைக்காகக் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து நகைப்பது பொருந்தாது.

பிள்ளைகள் இந்தப் பொருள்களை எவ்வளவு உறுதியாகத் 'தம்முடையவை' என்று நம்புகிறார்கள் என்பதும் கவலைக்குரியது. அவை நிறுவனத்தின் கணினியில் இருப்பவை. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே ஆடுபவருக்கு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் மைய அரசு ஓர் ஆணையால் பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடைசெய்தது. ஓர் ஆணைக்கு முன் அந்த 'என்றென்றும்' எவ்வளவு மெல்லியது என்பதை அன்று ஆடியவர்கள் கண்டிருப்பார்கள். 'இன்றே வாங்கு, நாளை கிடைக்காது' என்ற அச்சத்தைப் பதின்ம வயதினரிடம் ஊட்டி விற்பதையும் நான் ஏற்கவில்லை. ஃபோர்ட்நைட் நிறுவனமே, ஆடுவோரைத் தெரியாமல் வாங்கவைத்ததாக எழுந்த வழக்கில் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்க வணிக ஆணையத்தோடு 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒத்துக்கொண்டது. ஆகவே, கொடுத்த பழைய வாக்குகளைக் காப்பாற்றட்டும். கதவடைப்பை இனி ஒருபோதும் விலைப்பொருளாக்காதிருக்கட்டும் என்பது என் முடிவு. பின்னால் வருபவர் வெறும் பணத்தால் மட்டுமன்றி, அதே படிகளை ஆடியே அதே உடையைப் பெறட்டும். முதலில் பெற்றவரின் உடையில் ஆண்டைப் பொறித்துவைக்கட்டும். சாட்சியத்துக்கு அது போதும்.

இதை எழுதும்போதே எங்கள் பங்கில் ஒரு சிறு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மறைக்கல்வி வகுப்புக்கு ஆண்டு முழுதும் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்த பிள்ளைகளுக்குப் பதக்கம் கொடுப்பது பழைய வழக்கம். அறுவடைக் காலத்தில் தாய் வயலுக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் ஒரு ஞாயிறு தவறியதுமே பதக்கத்தை இழந்துவிடுகிறார்கள். பிறகு அவர்களுள் சிலர் வகுப்புக்கே வருவதில்லை. தவறிய பாடங்களை வேறொரு நாளில் வந்து படித்து முடிப்போர்க்கும் அதே பதக்கம் உண்டு என்று இவ்வாண்டு பங்குப் பேரவையில் முடிவு செய்தோம். அடுத்த நாளே ஒரு தாய் வந்தார். "சாமி, எம்பொண்ணு காய்ச்சலோட வந்து ஒக்காந்தா. அதுக்கும் இதுக்கும் ஒண்ணுதானா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு ஞாயிறும் தவறாதவர்களின் பெயர்கள் பதிவேட்டில் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதப்படும், திருவிழாவன்று வாசிக்கப்படும் என்று சொன்னேன். ஆனால் பதக்கம் ஒன்றுதான் என்றும் சொன்னேன். "சரிங்க சாமி" என்று போனார். முழு மனத்தோடு போனார் என்று சொல்லமாட்டேன். பதக்கம் செய்யக் கும்பகோணத்தில் சொல்லியிருக்கிறோம். எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் இருமுறை கேட்டுவிட்டார். படித்து முடிக்க வேண்டிய பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டிருப்பதால், எண்ணிக்கையை அவருக்குச் சொல்லவில்லை.